குழாயில் காற்று வந்த ப்ளூஸ்

பழைய ஆம்ப்ளிஃபையர் சூடேறினால் ஒரு வாசனை வரும். தூசி கருகுகிற வாசனை. அதோடு கீழேயிருந்து வாழைக்காய் பஜ்ஜி வாசனையும் சேர்ந்தால்... அதுதான் எங்கள் ரிகர்சல் ரூம்.

தவளக்குப்பம் ஜங்ஷனில் ஒரு பஜ்ஜிக் கடைக்கு மேல் மாடி. கடலூர் பஸ் ஹாரன் அடித்தால் பாட்டை நிறுத்திவிட்டு, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

கல்யாண ரிசப்ஷன்களில் சினிமா பாட்டு வாசிக்கிற பேண்ட் எங்களுடையது. ஆரம்பித்தவர் பிரகாஷ் அண்ணன். பகலில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை, சாயங்காலம் மைக். கிடார் சேவியர், எங்களில் சின்னவன். ட்ரம்ஸ் முருகன். நான் கீபோர்ட்.

நான் பாட மாட்டேன். பெண்பிள்ளைக்கு என் குரல் ரொம்பக் கனம். ஸ்கூல் பிரேயரில் மியூசிக் மிஸ், "ஜெயா, நீ வாய மட்டும் அசை மா, போதும்" என்று சொன்னதிலிருந்து, குளிக்கும்போதுகூட நான் பாடியதில்லை.

ஒருநாள் பீச் பக்கம் ஒரு ரெஸ்டாரண்ட் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். "சினிமா பாட்டு எல்லாரும் வாசிக்கிறாங்க. பழைய ப்ளூஸ் ராக் கொஞ்சம் சேத்துக்குங்க. நல்லா வந்துச்சுன்னா வாராவாரம் சனிக்கிழம சாயங்காலம் உங்களுக்குதான்."

சேவியருக்குத் தலைகால் புரியவில்லை. பிரான்ஸிலிருந்து அவன் மாமா கொண்டுவந்த கேசட்டுகளில் அந்த இங்கிலீஷ் சோகப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் அவன். கல்யாண மேடைகளில் அந்த ஆசையை அடக்கி வைத்திருந்தான்.

மறுநாளே ரிகர்சல். பிரகாஷ் அண்ணன் பாடினார். தேன் குரல் அவருக்கு. வரி முடிகிற இடமெல்லாம் அழகாக ஒரு சங்கதி போடுவார்.

சேவியர் கிடாரைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணே... இது பொண்டாட்டி வுட்டுட்டுப் போனவன் பாடற பாட்டு. நீங்க பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி பாடறீங்க."

முருகன் ட்ரம்ஸ் மேல் விழுந்து சிரித்தான். அண்ணனும் சிரித்தார். ஆனால் அடுத்தடுத்த நாட்களிலும் அது சரியாக வரவில்லை. எங்கே எடுக்க வேண்டும் என்பதிலேயே அண்ணன் குழம்பினார். அதற்காக, அந்த இடத்தைக் காட்டத்தான், கீபோர்டில் குனிந்தபடி முதல் வரியை நான் லேசாகப் பாடிக் காட்டினேன்.

கிடார் நின்றது. ட்ரம்ஸ் நின்றது.

தப்பான ஸ்வரம் வாசித்துவிட்டேன் என்று நினைத்து நிமிர்ந்தேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா," என்றான் சேவியர். "இத்தன நாளா இத எங்க வெச்சிருந்த?"

எனக்குச் சந்தோஷத்தைவிட பயம்தான் வந்தது. இது அண்ணனின் பேண்ட். அவர் முகத்தைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. அவர் மைக் ஸ்டாண்டைத் தூக்கி வந்து என் கீபோர்டுக்கு முன்னால் வைத்தார். உயரத்தைக் குறைத்தார்.

"கல்யாணத்துக்கு என் தொண்ட, இதுக்கு உன் தொண்ட. எனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் வேணும்ல?"

சொல்லிவிட்டு, குலுக்கித் தட்டுகிற டாம்பரினைக் கையில் எடுத்துக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை வந்தது. வெயில் இறங்கி, கடல்காற்று வீசத் தொடங்கிய நேரம். முதல் பாட்டு எப்படியோ ஓடிவிட்டது. கைதட்டலும் வந்தது. இரண்டாவது, ஒரு மெதுவான பாட்டு. முதல் சரணம் முடிந்து, சேவியர் வாசித்து, திரும்ப நான் எடுக்க வேண்டும்...

ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

சேவியர் புரிந்துகொண்டு அதே சுற்றை இன்னொரு தடவை வாசித்தான். பிறகு இன்னொரு தடவை. கல்லாப் பக்கம் மேனேஜர் கைகட்டி நின்றிருந்தார். அண்ணன் கண்ணாலேயே "ஏதாவது பாடு" என்றார்.

வாயைத் திறந்தேன். அன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே வந்தது.

"காலையில எழுந்தேன்... கொழாயத் தொறந்தேன்... காத்துதான் வந்துது..."

அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பின்னாலிருந்து சோகமாக, "ஆமா... காத்துதான் வந்துது!"

"கொடத்த வெச்சேன்... கொடமும் சிரிச்சுது..."

"ஐயோ... கொடமும் சிரிச்சுது!"

தட்டோடு நின்ற சர்வர் பையன்கள் சிரித்துவிட்டார்கள். கிச்சன் கதவு திறந்து உள்ளே இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். முன் டேபிளில் ஒரு வெள்ளைக்கார ஜோடி மட்டும், ஏதோ பெரிய துக்கம் என்று நினைத்து, கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தது. சேவியர் எடுத்தான் பாருங்கள் ஒரு சோலோ... அவன் அப்படி வாசித்து அதற்கு முன் நான் கேட்டதேயில்லை. முடிந்தபோது எழுந்த சத்தத்தில் கடல் சத்தம் கேட்கவில்லை.

மேனேஜர் நேராக மேடைக்கு வந்தார். "அந்தத் தண்ணிப் பாட்டு எந்த பேண்டோடது?"

"தவளக்குப்பம் பேண்ட் சார், ரொம்ப பழசு," என்றார் அண்ணன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"அடுத்த வாரமும் அத வாசிங்க."

ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பாத்திரம் தேய்க்கிற அக்கா ஈரக்கையோடு வந்து என் தோளைத் தட்டினார். "எங்க தெருவுலயும் இன்னிக்கி வரல கண்ணு. அடுத்த வாரம் தண்ணி தொறந்து வுடாத அந்த டேங்க் ஆளையும் சேத்துப் பாடு."

பாடினேன். ரொம்ப நாள் பாடினேன்.

இப்போது சேவியர் பிரான்ஸில். முருகனுக்கு நோணாங்குப்பம் போட் ஹவுஸில் வேலை. பிரகாஷ் அண்ணன் சொந்தமாக மெடிக்கல் ஷாப் வைத்துவிட்டார். எனக்கு ஆபீஸ், பிள்ளைகள். அன்றைக்கு ஊரில் ப்ளூஸ் வாசிக்கிற பேண்டைத் தேட வேண்டியிருந்தது. இன்றைக்கு வீக்எண்டில் தெருவுக்கு ஒரு பேண்ட் வாசிக்கிறது. எல்லாவற்றிலும் பெண்பிள்ளைகள் பாடுகிறார்கள்.

போன சனிக்கிழமை வண்டியில் வந்துகொண்டிருந்தேன். ஒரு மொட்டைமாடியிலிருந்து ஒரு பெண் குரல். என்னைவிடக் கனம்... கரகரவென்று அடிவயிற்றிலிருந்து வருகிறது. வண்டியை ஓரங்கட்டினேன். தெருவில் ஆட்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு குரலா என்று யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.