யார் வீட்டுக் கல்யாணம்?

பிரான்சின் மார்செய் நகரில் நான் கோப்பை கழுவும் வேனுக்கு வருகிறவர்களிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. ஊசியில் போதை ஏற்றிக்கொள்பவர்கள் வருவார்கள், பழைய ஊசியைப் பெட்டியில் போடுவார்கள், புதியது வாங்குவார்கள், காப்பி குடிப்பார்கள், போவார்கள். ஒருவர் ஊசியை இன்னொருவர் போட்டு நோய் வாங்கிச் சாகாமல் இருக்கட்டும், போதையை விடுவதை அப்புறம் பார்க்கலாம் என்பது அங்கே வழக்கம். வேலைக்குச் சேர்ந்த வாரம், மரியாதைக்காக ஒருவனிடம் "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்று என் அரைகுறை பிரெஞ்சில் கேட்டுவிட்டேன். போலீஸ் என்று நினைத்துக் காப்பியை வைத்துவிட்டு ஓடினான். எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவனுக்கு அன்று ஒரு பாடம் ஏறியது.

போன விடுமுறையில் புதுச்சேரிப் பக்கம் என் ஊரான பாகூருக்கு வந்தபோது, இதே வேலையைச் செய்யும் மலரோடு சேர்ந்துகொண்டேன். மலர், வில்லியனூர்ப் பக்கம் காலனியில் பிறந்த திருநங்கை. அவளும் போதை ஊசி போட்டுக்கொள்பவள்தான். கூட்டாளிகளுக்குப் புது ஊசி கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆனால் நம் ஊரில் பை தூக்கினாலே உள்ளே இன்னா என்பார்கள். தாம்பூலப் பையில் போடலாம் என்று யோசனை சொன்ன புத்திசாலி நான்தான். ஏதோ மண்டபத்தில் மிச்சமான மஞ்சள் பைகள் கிடைத்தன. மணமக்கள் யாரென்று இன்றுவரை தெரியாது.

யாரும் சந்தேகப்படவில்லை. கோபித்துக்கொண்டார்கள். நாலு பேர் அடுத்தடுத்துப் பையோடு போனதைப் பார்த்துவிட்டு, கரும்புத் தோட்டத்துக்காரியான என் அத்தை கஸ்தூரி எங்களை வழிமறித்தாள்.

"யாரு வூட்டு கல்யாணம்டா? ஊரே தாம்பூலம் வாங்கினு போவுது, எனக்கு மட்டும் பத்திரிகை இல்லியா?"

"தெரிஞ்சவங்க கல்யாணம் அத்த..."

பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். உறை பிரிக்காத ஊசிகள் கொட்டின.

"தேங்கா எங்கடா?"

மலர் சிரித்துவிட்டாள். பொறுக்கக் குனிந்தபோது துப்பட்டா விலகி, வீங்கிச் சீழ் வைத்த கை தெரிந்தது. இப்படியே விட்டால் கை போய்விடும் என்று ஒரு வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி என்றாலே மாட்டேன் என்றாள். போதையை விடவைக்கும் இல்லத்தில் ஆண்கள் அறையில் படு என்றார்களாம். திருநங்கைகளுக்கு உதவுகிறவர்கள், ஊசியை விட்டுவிட்டு வா என்றார்களாம். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் தெருப்பெயரைச் சொன்னதும் முகம் மாறியதாம். மூன்று கதவும் மூன்று காரணத்துக்காகச் சாத்தியிருக்கும்போது, ஒன்றை மட்டும் திறந்துவிட்டு "வரவேண்டியதுதானே" என்பது நியாயமில்லை.

அத்தை கையையே பார்த்தாள். "ஏந்துரு டி. ஆஸ்பத்திரிக்குப் போவலாம். திட்டுறத அப்புறம் திட்டிக்கிறேன்."

சீட்டு எழுதுபவர் நிமிராமல் கேட்டார்: "ஆணா, பொண்ணா? யாரு கூட வந்தது?"

"எங்க வூட்டு கல்யாணத்துக்கு வந்த பொண்ணு. அப்படியே எழுதுபா."

எழுதினார். கை பிழைத்தது. திரும்பும் வழியெல்லாம் அத்தை சொன்னபடியே திட்டினாள்.

அந்த மஞ்சள் பை இப்போது மார்செய் வேனில் தொங்குகிறது. மலர் கையை மடக்கி நீட்டிக் காட்டி வீடியோ அனுப்பியிருந்தாள்: "ண்ணா, அத்த இன்னும் பத்திரிக கேக்குது!" இன்று புதிதாக ஒருவன் வந்தான். ஒரு கையைச் சட்டைக்குள் மறைத்திருந்தான். யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டு, அவன் போய்விடாமல் இருக்க, இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினேன்.