கட்டாத வீட்டுக்குத் திரைச்சீலை

மருத்துவமனையில் எல்லோரும் அவளை மூச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடமாக, "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடுங்க" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். அடுத்தவர்களைப் பொறுத்திருக்கச் சொல்வது அவள் தொழில். அவளுக்கோ அந்தப் பழக்கமே கிடையாது. பஸ் நிற்பதற்குள் படிக்கு வந்துவிடுவாள். படத்தில் கடைசிப் பாட்டு ஓடும்போதே செருப்பைத் தேடுவாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக், நிதானமானவர். பாதியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தாலும், வெளியே நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டே கதவைத் திறப்பார்.

இருவரும் சேர்ந்து, ஊரிலிருந்து நாலு மணி நேரப் பயணத்தில், ஒரு ஏரிக்கு மேலே சரிவில் சின்ன மனை வாங்கினார்கள். லீவுக்குப் போய்த் தங்க ஒரு வீடு வேண்டும் என்பது அவளுடைய நாள்பட்ட ஆசை. என்ஜினியர் பிளான் போட்டுக் கொடுத்தார். ஏரியைப் பார்த்தபடி படுக்கையறை, அதை ஒட்டிச் சமையலறை, முன்னால் ஒரு கூடம். கட்டட அனுமதிக்கு மனுப் போட்டார்கள். அது ஒவ்வொரு மேசையிலும் ஒரு தூக்கம் போட்டு மெதுவாக நகர்ந்தது.

மனு தூங்கினால் தூங்கட்டும் என்று மூச்சக்கா கடைக்குப் போனாள். முதலில் வந்தது திரைச்சீலை. மஞ்சள் துணியில் வெள்ளை இலைகள், ஓரம் மடித்துத் தைத்து, வளையமெல்லாம் கோத்து வந்துவிட்டது.

"ஜன்னல் எவ்வளவு பெரிசுன்னு எப்படித் தெரியும்?" என்று கணவர் கேட்டார்.

"நாலடி. நான் முடிவு பண்ணிட்டேன்."

அடுத்து கொக்கு வடிவத்தில் துண்டு மாட்டும் கொக்கிகள், ஆறு நீலக் கோப்பைகள், கூடை மாதிரி ஒரு பெரிய பிரம்பு விளக்கு. கதவே இல்லாத வீட்டுக்கு மிதியடிகூட வந்தது. கட்டிலடி நிரம்பியது, பீரோ மேல் நிரம்பியது. பிரம்பு விளக்குக்கு எங்கேயும் இடமில்லாமல், சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. கல்லூரிக்குப் போகும் மகள் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டாள்.

"அப்பா, அந்த வீடு கட்டுறதுக்குள்ள இந்த வீட்டுலேர்ந்து நம்மள அனுப்பிடுவாங்க போலிருக்கே."

"லிஃப்ட்டா இருந்தா இந்நேரம் ஓவர்லோடுன்னு மணி அடிச்சிருக்கும்" என்றார் அவர்.

அனுமதி ஒருவழியாக வந்தது. அடுத்த மாதம் அஸ்திவாரம் தோண்டலாம் என்றார் என்ஜினியர். அதுவரை இருப்புக் கொள்ளாமல் மூச்சக்கா லீவு போட்டாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய் ஒரு தடவை மாட்டிப் பார்த்துட்டு வந்துடலாங்க."

"எதுல மாட்டுவே?"

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

அவர் கயிறும் மூங்கில் கழிகளும் தேடினார். ஒரு சின்ன வேனில் மொத்தத்தையும் ஏற்றி, காலையிலேயே கிளம்பி, பதினோரு மணிக்கு மனையில் இறங்கினார்கள். பிளானைப் பார்த்துச் சுண்ணாம்புப் பொடியால் அறைகளுக்குக் கோடு போட்டார்கள். மூலைக்கு மூலை கழி நட்டு, கயிறு கட்டி, திரைச்சீலையைத் தொங்கவிட்டார்கள். இரண்டு கழிகளுக்கு நடுவே பிரம்பு விளக்கு ஆடியது. மகள் கூடத்திலிருந்து நேராகச் சமையலறைக்கு நடந்தாள்.

"சுவர் வழியா வராதே. வாசப்படி அங்க இருக்கு" என்றாள் அம்மா.

மகள் சுற்றிக்கொண்டு வந்தாள்.

இரண்டரை மணிக்கு, அஸ்திவாரத்துக்கு அளவு எடுக்க என்ஜினியர் வந்தார். மிதியடியைக் கண்டதும் தன்னை அறியாமல் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு வெறுங்காலையும் வெட்டவெளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நீலக் கோப்பையில் அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள்.

பாதித் தேநீர்கூட முடியவில்லை, ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் புகுந்து, பிளானில் படுக்கையறை இருந்த இடத்தில் நேராக வந்து மோதியது. திரைச்சீலை பறந்து என்ஜினியர் முகத்தில் அப்பிக்கொண்டது. விளக்கு அறுந்து சரிவில் உருள, நிதானமான மனிதர் முதல்முறையாக வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். சமையலறையில் மூட்டியிருந்த அடுப்பு அணைந்தேவிட்டது.

என்ஜினியர் துணியை விலக்கிவிட்டு எழுந்து, காற்று வரும் திசையைப் பார்த்தார்.

"இந்தக் காத்து தினமும் அடிக்குமா?"

கீழே பரிசலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டார்கள். மூன்று மணி ஆனால் தினமும் வரும், ஆறு வரை விடாது என்றார் அவர்.

"நாலு தடவை வந்தேன் மேடம். நாலும் காலைல" என்று என்ஜினியர் தலையைச் சொறிந்தார். "இப்படியே கட்டியிருந்தா சாயங்காலம் ஒரு ஜன்னலும் திறக்க முடியாது. படுக்கையறைய மாத்தணும். ஏரிப் பக்கம் முழுச் சுவர்தான்."

மூச்சக்கா கோப்பைகளைப் பொறுக்கினாள். ஏரி தெரியாத வீட்டுக்கு எதற்கு இத்தனை தூரம் வரவேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அவற்றைப் பைக்குள் திணித்தாள்.

விளக்கோடு மேலே ஏறி வந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். வேனில் கொண்டுவந்திருந்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மனை முழுக்க மெதுவாகச் சுற்றினார். ஓரிடத்தில் போட்டு உட்கார்ந்தார், எழுந்தார், இன்னும் இரண்டடி நகர்த்தினார்.

"இங்க வந்து உட்காரேன்."

பெரிய பாறையின் மறைவில், தெற்கு மூலை அது. காற்று தலைக்கு மேலே போனது. பாறை ஓரமாக, ஒல்லியாக, ஏரி தெரிந்தது.

"இதுல நாலடி ஜன்னல் வராது. ரெண்டரைதான் வரும்" என்றார் என்ஜினியர்.

மூச்சக்கா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். மகள் துணியின் மறுமுனையைப் பிடிக்க, அளந்து, அங்கேயே வெட்டினாள்.

"அவசரப்படாதீங்க மேடம், கட்டும்போது அளவு கொஞ்சம் மாறும்."

"மாறாது. துணிய வெட்டியாச்சு. நீங்க பார்த்துக் கட்டுங்க."

பத்து மாதத்தில் வீடு எழும்பியது. ஜன்னல் அரை அங்குலம்கூடப் பிசகவில்லை. கொக்குகள் குளியலறையில் இடம் பிடித்தன. பிரம்பு விளக்குதான் கூடத்தில் மாட்டியதும் கணவர் தலையில் இடித்தது. அதைப் பரிசல்காரர் வாங்கிப் போய், கோழிக்குஞ்சுகளை மூடி வைத்தார்.

அந்த என்ஜினியர் இப்போதெல்லாம் யார் வீடு கட்ட வந்தாலும், "ஒரு நாள் பூரா மனையில போய் உட்கார்ந்துட்டு வாங்க" என்று சொல்லித்தான் பிளானைத் தொடுகிறாராம்.

அவர்கள் போய்த் தங்கிய முதல் விடுமுறையில் மூன்று நாளும் மழை. ஏரி இருந்த இடத்தில் வெள்ளையாக மூட்டம். கணவரும் மகளும் தரையில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். இரண்டாம் நாள் மூச்சக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மணி என்ன?"

"பத்தரை" என்றார் கணவர்.

"மழை விட்டுச்சா?"

"இல்ல."

"சரி" என்று போர்வையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.