உள்ளங்கையில் விழுந்த முத்திரை

நீங்கள் இப்போதே உதட்டைச் சுழிக்கிறீர்கள், பரவாயில்லை, நானும் உங்கள் கட்சிதான். யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போய்விடுகிறவள் நான். கம்பளையில் பார்மசி வைத்திருக்கிறேன், டாக்டர் மருந்துத் துண்டில் எழுதியிருப்பதைத்தான் நம்புவேன்.

என்னைப் பெற்ற வாப்பா அதற்கு நேர்மாறு. ஊரிலேயே பெரிய புளுகர் என்று பெயரெடுத்த மனிதர். அலுமாரியில் ஒரு பழைய மடக்குச் சவரக்கத்தி வைத்திருந்தார். "இது இங்கிலாந்து ஷெபீல்ட் கத்தி, விக்டோரியா ராணிட காலம். என்ட பேரப்புள்ளட முடி எறக்கக்குள்ள இது கிட்ட ஈக்கணும்" என்பார். எனக்குப் பிள்ளை பிறக்கும் முன்பே மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்.

நானாவுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, பிலிமத்தலாவையில் பழம்பொருள் கடை. கத்தியை அவரிடம் கொடுத்தேன். செய்தவன் பெயரும் காலமும் தெரிந்தால், வாப்பா ஒரு தடவையாவது உண்மை சொன்னார் என்று ஆகுமே. பெயர் இருக்க வேண்டியது கத்தியின் கழுத்தில், அலகும் பிடியும் சேருகிற இடத்தில். நானா லென்ஸ் வைத்துப் பார்த்தார், சோக்குத் தூள் தடவினார், கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்தார், ஊஹூம், வழவழவென்று தேய்ந்து கிடந்தது.

"இதுல ஒரு எழுத்தும் இல்ல தங்கச்சி. வாப்பாட கத தெரியும்தானே" என்று சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாற்பதாம் நாள் மகளுக்கு முடி இறக்கினோம். வீடு நிறையச் சனம், பிரியாணி வாசம். பார்பர் புது பிளேட்தான் போட்டார், நான் வேறெதற்கும் விடுவேனா? வாப்பாவின் கத்தியை மடக்கி, நூலால் இறுக்கிக் கட்டிப் பக்கத்தில் வைத்தோம், அவ்வளவுதான். பிள்ளை வீடு இடிகிற மாதிரி அலறினாள். என் உம்மா பேத்தியிடம், "இந்தா மூத்தாப்பாட கத்தி" என்று அதன் கழுத்தை அவள் கையில் கொடுக்க, கப்பென்று பிடித்தாள். அழுகை நின்றது. முடி முழுக்க இறங்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள், நம்பினால் நம்புங்கள்.

கத்தியைத் திருப்பி வாங்கிய நானா கத்தினார்.

"தங்கச்சி, புள்ளட கையப் பாரு!"

உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கிரீடம், இரு பக்கமும் வி, ஆர் என்று ஆங்கில எழுத்துகள். கீழே ஹாஸ்க்ரோ என்றொரு பெயர், அதற்கும் கீழே ஷெபீல்ட்.

"யா அல்லாஹ், மனிசன் உண்மதான் சொல்லீக்காரு!" நானா அழுதுகொண்டே சிரித்தார், வீடே சேர்ந்து சிரித்தது. போனில் படம் எடுத்தேன், மாலை அஸர் தொழுகைக்குள் தடம் மறைந்துவிட்டது.

படத்தை நானா தனக்குத் தெரிந்த ஒரு கத்திச் சேகரிப்பாளருக்கு அனுப்பினார். கிரீடமும் இரண்டெழுத்தும் விக்டோரியா ராணியைக் குறிப்பவை, நாட்டின் பெயரையும் பொறிக்கிற வழக்கம் அந்த ராணியின் கடைசிக் காலத்தில்தான் வந்தது, இதில் அது இல்லாததால் அதற்கும் முந்தியதாக இருக்கலாம் என்று பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வட்டிலப்பம் அவித்து, வாப்பாவைப் புளுகர் என்ற ஒவ்வொரு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் பதிலில் ஒரு கேள்வியும் இருந்தது. அழுத்தி விழுந்த தடம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறித்தானே இருக்கும், இதை எப்படி நேராக வாசிக்க முடிகிறது? பதில் வந்த அன்று எல்லோரும் கத்தியின் கழுத்தில் விரலை அழுத்திப் பார்த்தோம். வெறும் சிவப்புதான், ஒரு எழுத்தும் விழவில்லை.

இப்போது மகள் ஓடித் திரிகிறாள். சில நாள் தூக்கத்தில் கையை இறுக மூடிக்கொண்டு, வாப்பா கதை விடும்போது சிரிப்பாரே, அப்படி ஒரு பக்கமாகச் சிரிப்பாள். விரல்களைப் பிரித்துப் பார்க்க ஆசைதான். இதுவரை தைரியம் வரவில்லை.