உட்கார்ந்து பார்த்த லாசரஸ்

குரோம்பேட்டையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம், ஏரிக்கரை நடைபாதையில் ஒரு பெஞ்சு போடுவதென்று தீர்மானித்தது. வெயில், மழை இரண்டுக்கும் அசையாத பெஞ்சு எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்று ஆராய மூவர் சப்-கமிட்டியும் போட்டது. ஒருவர் மகளோடு அமெரிக்கா போய்விட்டார். இன்னொருவர் கூட்டத்துக்கு வந்ததாகவே பதிவில்லை. மிச்சம் லாசரஸ். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பர். துருவை அவருக்குத் தெரியும். துருவுக்கும் அவரைத் தெரியும்.

இந்தப் பொதுநலத்தில் அவருக்குச் சொந்த நலனும் இருந்தது. மனைவி செல்வமேரிக்கு முழங்கால் வலி. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். ஏரிக்கரையில் பாதி போனதும் கால் கெஞ்சும், உட்கார இடமிருக்காது, திரும்பி வரவும் அதே பாதி. ஆறு மாதமாகச் செல்வமேரி கேட்டைத் தாண்டவில்லை. "பெஞ்சு வரட்டும், நடக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே ஆராய்ச்சி அவசரமானது. கார் வாங்கினால் நிறுத்தலாம் என்று விட்டிருந்த வாசல் சிமெண்ட் தரையில், லாசரஸ் ஐந்து பலகைகளைச் செங்கல் மேல் வரிசையாக வைத்தார்: இரும்பு, மரம், பிளாஸ்டிக், கறுப்பு கிரானைட், வெள்ளைச் சில்லு பதித்த சிமெண்ட். சித்திரையில் ஆரம்பித்து அடுத்த சித்திரை வரை தினமும் மாலை ஐந்தரைக்கு ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் உட்கார்ந்தார். கருவிகள் எதையும் அவர் நம்பவில்லை. கைலியும் கர்த்தர் கொடுத்த உடம்பும் போதுமானவையாக இருந்தன.

இரும்பு, முதல் மழையிலேயே பெயிண்டுக்கு அடியில் கொப்பளித்தது. மரம் டிசம்பர் புயலில் வில்லாக வளைந்தது. வளையாத இடத்தைக் கரையான் கவனித்துக்கொண்டது. பிளாஸ்டிக் வெளுத்து, ஒரு மாலையில் லாசரஸோடு சேர்ந்து முறிந்து விழுந்தது. மிஞ்சியவை கல்லும் சிமெண்டும்.

இந்தக் கட்டத்தில் கேசவன் வந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா காலத்தில் அந்த ஏரித் தண்ணீரில்தான் அவர்கள் நிலம் விளைந்தது. பெஞ்சு அப்பா நினைவாக அவருடைய உபயம்.

"இன்னா சார், ஒரு வருசமா ஒரே ஒரு பெஞ்சைப் பெத்துகினு கீறீங்க? கறுப்பு கிரானைட்டுன்னு அன்னிக்கே சொன்னேன். அப்பா பேரைத் தங்க எழுத்துல வெட்டினா நூறு வருசம் நிக்கும்."

"பேர் நிக்கும் கேசவன். ஆள் உட்காரணுமே."

"ஏன், உட்கார்ந்தா இன்னா?"

"உட்கார்ந்துதான் பாருங்களேன்."

மணி ஐந்தரை. அக்கினி நட்சத்திரம். கேசவன் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கிரானைட்டில் அமர்ந்தார். முதல் நிமிடம் ஏரியின் பெருமையைப் பேசினார். இரண்டாவது நிமிடம் இடது பக்கம் நகர்ந்தார். மூன்றாவது நிமிடம் உடம்பின் பாதியை மட்டும் உபயோகித்தார்.

"சூடா இருக்கா?" என்றார் லாசரஸ், ஆராய்ச்சியாளருக்குரிய நிதானத்துடன்.

"சூடா? யார் சொன்னது? இதமா கீது சார்."

செல்வமேரி காபியோடு வாசலுக்கு வந்தார். கேசவன் துள்ளி எழுந்தார். "நீங்க ஏன்கா கால்வலியோட எடுத்துகினு வரீங்க!"

"உட்கார்ந்து குடிங்க தம்பி."

"நின்னு குடிச்சாதான்கா காபி நேரா எறங்கும்."

"அப்படியா? உட்கார ஆளே வராத பெஞ்சுல உங்க அப்பா பேரை யார் படிக்கப் போறாங்க? ஏரிக் கொக்கா?" என்றார் செல்வமேரி.

கேசவன் காபி முடியும்வரை யோசித்தார். பிறகு பக்கத்திலிருந்த சிமெண்ட் பலகையைத் தொட்டுப் பார்த்தார். எச்சரிக்கையாக உட்கார்ந்தார். நகரவில்லை.

"ஆனா பேரு பெருசா வரணும் சார்."

"முதுகுக்குப் பின்னாடி, நடக்கிறவங்க கண்ணுல படுற மாதிரி கிரானைட் பதிச்சிடலாம். உட்கார்ற எடத்துக்கு வராத வரைக்கும் எவ்ளோ பெருசா வேணா போடுங்க."

ஆனியில் பெஞ்சு வந்தது. மழைத் தண்ணீர் தேங்காமல் வழிய முன்பக்கம் அரை இன்ச் சரிவு. துருப்பிடிக்க ஒரு ஆணிகூட இல்லை. முதல் நாள் மாலை செல்வமேரி கேட்டைத் தாண்டினார். பாதி தூரம் நடந்து, பெஞ்சைக் கையால் தடவிவிட்டு உட்கார்ந்தார்.

"சில்லுன்னு இருக்குங்க" என்றார். லாசரஸுக்கு ஒரு வருடக் களைப்பும் அந்த நொடியில் தீர்ந்தது.

பத்து நிமிடம் கழித்து செல்வமேரி எழ முயன்றார். முடியவில்லை. இன்னொரு முறை முயன்றார். பெஞ்சு நான்கு விரல்கடை தாழ்வு. வெயிலை அளந்தவர், மழையை அளந்தவர், முழங்காலை அளக்கவில்லை.

"ஏங்க, ஒரு வருசம் உட்கார்றதைப் பத்தி மட்டுந்தான் ஆராய்ச்சி பண்ணீங்களா? எழுந்திருக்கிறது?"

"அதுக்குத் தனி சப்-கமிட்டி போடணும்" என்றார் லாசரஸ். இரண்டு கைகளையும் நீட்டினார்.

எழுந்த பிறகு செல்வமேரி ஒரு கையை விட்டார்; மற்றதை விடவில்லை. திரும்பாமல் கரையின் மீதிப் பாதியையும் நடந்தார்கள். மறுநாள் ஐந்தரைக்கு லாசரஸ் கைலியை மாற்றி, பேண்ட் போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார்.