அயர்ன் ஹார்பரின் ஏழாவது ஆல்பம்

அரவிந்தன் என் அக்காள் புருஷன். கடலூரில் எங்களுக்கு சவுண்டு செட் தொழில். செட்டு என்னுடையது, காது அவருடையது. பந்தலில் எந்த மூலையில் எந்த ஸ்பீக்கர் பாக்ஸை வைக்க வேண்டும் என்று அவரைப் போலச் சொல்ல இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. மீனவர் வீட்டுப் பிள்ளைதான். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பார் என்று பதினேழு வயதில் என் அப்பாவிடம் ஒயர் சுற்ற அனுப்பிவிட்டார்கள்.

தொண்ணூறில் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விழா. போடச் சொல்லி ஒரு மாணவன் கொடுத்த கேசட்டை, திருப்பி வாங்காமலே போய்விட்டான். ‘அயர்ன் ஹார்பர்’ என்கிற இங்கிலாந்து ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் மாமாவை விடவில்லை. அலைந்து திரிந்து ஆறு ஆல்பத்தையும் சேர்த்துவிட்டார். பாட்டில் ஒரு வரி புரியாது. அதனால் அவரே பெயர் வைத்தார்: லாரிப் பாட்டு, புயல் பாட்டு, மாமியார் பாட்டு. பாட்டுக்கு நடுவில் சன்னமாகத் தனியே ஓடும் லீடு கிட்டாரை மட்டும் வாயாலேயே முழுக்க வாசித்துக் காட்டுவார். அந்த லீடுதான் அவருக்கு சாமி.

கோயிலோ சர்ச்சோ சாவு வீடோ, செட்டு கட்டியதும் முதலில் லாரிப் பாட்டு ஒரு நிமிஷம் ஓடியாக வேண்டும். “அம்மன் பாட்டுக்கு முன்னாடி இந்த வெள்ளக்காரன் எதுக்குய்யா கத்துறான்?” என்று பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். “அவன் கத்துனாதான் எந்த பாக்ஸு கிழிஞ்சிருக்குன்னு தெரியும்” என்பார். முழுச் சத்தம் வைத்து, பாக்ஸோடு காதை ஒட்டிக் கேட்பார். முப்பத்தைந்து வருஷம் இப்படி. காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கென்ன, தொழில் நன்றாக நடந்தது.

போன ஆடியில் மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஒரு திருவிழா. ஊர்த் தலைவர் பேச எழுந்ததும் மைக் கூவியது. கூட்டமே காதைப் பொத்திக்கொண்டது, கைக்குழந்தைகள் வீறிட்டன. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் முன்னால் இருந்த மாமா மட்டும் சிரித்த முகமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தேன்.

“ஏன் மச்சான், நல்லாத்தான போவுது?” என்றார்.

சிதம்பரத்தில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். சன்னமான சத்தமெல்லாம் போய்விட்டது, தடித்த சத்தம்தான் மிச்சம், அதுவும் போய்க்கொண்டிருக்கிறது என்றார். காதில் மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு புரியும், பாட்டு பழையபடி வராது.

பஸ் ஸ்டாண்டில் மாமா சொன்னார்: “முப்பது வருசம் கழிச்சி புது ஆல்பம் போடுறானுங்களாம். நம்ம பொண்ணு சுவாதி சொல்லுச்சி. அத மட்டும் கேட்டுட்டா போதும் மச்சான். அப்பறம் போனா போவட்டும்.” எனக்கு வந்த கோபம் அவர் மேலா என் மேலா, தெரியவில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

தை மாதம் ஆல்பம் வந்தது. சிதம்பரத்தில் படிக்கிற அவர் மகள் சுவாதி போனில் இறக்கிக்கொண்டு வந்தாள். மாமா தீபாவளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, குடோனில் ரெண்டு பெரிய பாக்ஸை அவர் கையாலேயே இணைத்தார். அவர் குனிந்திருந்தபோது சுவாதி என்னிடம் கிசுகிசுத்தாள். கிசுகிசுக்கத் தேவையே இல்லை.

“லீடு வாசிக்கிறவரு போன வருசம் செத்துட்டாரு மாமா. அவரு எடத்துல வேற யாரையும் போடல. இதுல லீடே கெடையாது. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அதற்குள் மாமா நிமிர்ந்து, போடச் சொல்லிக் கையைக் காட்டினார். டிரம்ஸ் அடித்த அடியில் குடோன் தகரம் அதிர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கை விரல்கள் சட்டைப் பொத்தான்களின் மேல் கிட்டார் வாசித்தன. நாற்பது நிமிஷம் அப்படியே நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்தபோது அவர் முகமெல்லாம் ஈரம்.

“கேட்டியாடி? கெழவனாயிட்டான், ஆனா லீடுல அதே கை! ஒரு எடத்துல பிசகல பாரு!”

சுவாதி அவருக்கு நேரெதிரே போய் நின்றாள். உதட்டைப் பார்த்தே அவருக்குப் புரிகிற மாதிரி, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாக, “ஆமாம்ப்பா” என்றாள்.