ஃபில்டர் பிடித்து வைத்த மெயில்

நம்பாவிட்டால் பரவாயில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன ஆடியில் குப்பை மெயில்கள் குவிந்ததால் புது ஸ்பேம் ஃபில்டர் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கவுண்ட்ஸ் ரத்தினசாமி சார் வந்து, தனக்கு வரும் ஒரு மெயிலை நிறுத்தச் சொன்னார். யாரோ விளையாடுகிறார்களாம்.

அனுப்புவது மோகனா. அவருடைய ஒரே மகள். வேலூரில் நர்சிங் படித்தவள். லீவுக்கு வீட்டுக்கு வரும்போது பஸ் விபத்தில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு வரி மட்டும்.

'அப்பா, பஸ் ஏறிட்டேன்.'

மறுநாள், 'பள்ளிகொண்டா தாண்டிட்டேன்.'

அதற்கு அடுத்த நாள், ஆம்பூருக்கு முந்தின ஊர். 'மாதனூர்.'

எந்த மெயிலிலும் அனுப்பிய சர்வரின் முகவரி பதிவாகியிருக்கும். இவற்றில் அந்த இடம் காலி. ஏதோ கோளாறு என்று நினைத்து, மோகனாவின் மெயில் ஐடியைத் தடை செய்தேன்.

மறுநாள் அதே ஆறு மணி. ஃபில்டர் பிடித்து வைத்தவற்றைத் திறந்தேன். லோன் விளம்பரங்களுக்கு நடுவில்...

'அப்பா, கேட்ல நிக்கிறேன். உள்ள விட மாட்டேங்கிறாங்க.'



பின்னால் மூச்சுச் சத்தம். ரத்தினசாமி சார். படித்துவிட்டார்.

"எடுத்துடு தம்பி. எம் பொண்ணு நிக்கிறா."

தடையை எடுத்தேன்.

டிங்...

அவர் மேசையிலிருந்து வந்தது. அவருடைய கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே கொஞ்சம் நின்றார். பிறகு ரோட்டின் ஓரத்தைக் கூட வரும் யாருக்கோ விட்டுவிட்டு, வண்டிகள் போகும் பக்கமாக அவர் நடந்தார்.

அதற்குப் பிறகு மெயில் வரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு நாள் பஜாரில் அவர் மனைவி சுந்தரியம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மெயில் விஷயமெல்லாம் கணவர் சொல்லியிருந்தாராம். நான் தடையை எடுத்த அன்று சாயங்காலம் கணவர் வீட்டுக்குள் வந்த பிறகு, வாசலில் இன்னொரு ஜோடி செருப்பு கழற்றும் சத்தம் கேட்டதாம். பின்கட்டில் யாரோ கால் கழுவினார்களாம். அப்புறம் சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம்...

'அம்மா, இன்னா கொழம்பு?'

சுந்தரியம்மா உள்ளே தாழ் போட்டுக்கொண்டாராம்.

"எம் புள்ள கொரல்னு தெரியுது தம்பி. தெரிஞ்சும் பயந்துட்டேன். பசியோட போய்ட்டா."

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மறுபடியும் அவளைத் தடுத்து வெச்சிருக்கியா?"

இல்லை. நான் தடுக்கவில்லை.

அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.