கிழவனைத் தேடு

வால்திவியா ஆற்றங்கரை மீன்சந்தையில் எலியோதோரோ பாரியா வகித்தது மிக உயர்ந்த பதவி: கண் தெரியாத மனைவி ஃப்ரெசியாவுக்கு அவர்தான் முழங்கை. அதைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் என் மீன்கடைக்கு வருவார். "படி", "குழி", "இவன் எடையில ஏமாத்துவான்" என்று இவர் காதில் ஓதிக்கொண்டே வருவார். மூன்றாவது என்னைப் பற்றி.

பிறகு கஸ்தோன் வந்தது. கறுப்பு லாப்ரடார், கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டப் பழக்கிய நாய். படியைக் காட்டியது, குழியைக் காட்டியது, என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாகரிகமான பிராணி.

அதன் உரிமத் தேர்வு நெருங்கியது. தேறினால் நாய்க்குக் கைப்பிடி வைத்த தோள்கச்சை, படம் ஒட்டிய அட்டை, பேருந்தில் அம்மாளின் காலடியில் இலவச இடம். எலியோதோரோவின் முழங்கைக்கு நிரந்தர ஓய்வு.

"நாய்க்குத் தலை வாரிவிட்டுப் படம் எடுத்திருக்கா. எனக்கு ஒருநாளாவது வாரினாளா?" என்று என்னிடம் பொருமினார்.

"வாரறதுக்கு உங்க தலையில என்ன இருக்கு, தோன் எலியோ?"

தேர்வு எங்கள் சந்தையிலேயே நடந்தது. தின்பண்டத்தின் பக்கம் நாய் இழுத்தால் உரிமம் கிடையாது. வீட்டார் யாரும் அருகில் வரக்கூடாது. எலியோதோரோ விடிந்ததும் வந்து என் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் குந்திவிட்டார். கோட்டுப் பையில் புகைபோட்ட சாசேஜ்.

"ஒரே இழுப்பு இழுத்தான்னா போதும். நான் மறுபடி வேலைக்கு வந்துருவேன்" என்றார்.

கஸ்தோன் பாலாடைக்கட்டிக் கடையைக் கடந்தது. மீன்குடலுக்குக் கத்தும் கடற்சிங்கங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. தேர்வாளர் மகிழ்ந்து, "கடைசிக் கட்டளை உங்க இஷ்டம்மா" என்றார்.

"கஸ்தோன், கிழவனைத் தேடு" என்றார் ஃப்ரெசியா. "வீட்டுலயே இருன்னு சொல்லிட்டு வந்தேன். அதனால இங்கதான் இருப்பாரு."

நாய் நேராகப் பெட்டிகளுக்குப் பின்னால் வந்து, அவர் முழங்காலில் மூக்கை வைத்தது.

தேர்வாளர் அவருடைய பையைப் பார்த்தார். "அதுல என்ன?"

"கைக்குட்டை."

"பூண்டு வாசனை அடிக்குது. நாய் உங்களைத் தேடி வரல ஐயா, சாசேஜைத் தேடி வந்திருக்கு. இது தேறாது."

அவர் கேட்ட வரம் கையில் விழுந்துவிட்டது. ஆனால் முகம் சிவந்தது.

"சாசேஜுக்காகவா? என்னைத் தேடி வரலையா?"

"இல்ல."

மனிதர் எழுந்தார். சாசேஜை எடுத்து நடைபாதையின் நட்டநடுவில் வைத்தார். சந்தையின் மறுகோடிக்குப் போய் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தார். "இப்பச் சொல்லு, ஃப்ரெசியா" என்று குரல் மட்டும் வந்தது.

"அங்கயும் போய் ஒளிஞ்சாச்சா? கஸ்தோன், கிழவனைத் தேடு."

நாய் சாசேஜைச் சுற்றி அம்மாளை அழைத்துக்கொண்டு போய் மூட்டையருகே நின்றது. சாசேஜைக் கடற்சிங்கம் தின்றது. தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். எலியோதோரோ தன் எதிரிக்குத் தானே உரிமம் வாங்கிக் கொடுத்துவிட்டு, பெற்ற தகப்பன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

திரும்பும் பேருந்தில் கஸ்தோன் இலவசமாக முன்னால் படுத்தது. இவர் சீட்டு வாங்கிக்கொண்டு பின்னால் நின்றார்.

இப்போதும் சனிக்கிழமைகளில் வந்து ஒளிகிறார், வெறும் பையோடு. போன வாரம் கஸ்தோன் வழியில் என் கடையருகே சற்று நின்றுவிட்டுத்தான் அவரிடம் போனது.

"அவன்கிட்ட என்னடா உனக்குப் பேச்சு?" என்று நாயிடம் கேட்டார். எனக்கு அன்று முழுதும் முகம் கொடுக்கவில்லை.